ஊத்தங்கரையில் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. கடலூரில் எங்கள் வீடு ஆல்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றுக்கு நடந்து போகிற தூரம். மாலையில் மழை குறைந்தது. டிவியில் 'புயல் வலுவிழந்தது' என்று ஓடியதைப் படித்துவிட்டு, கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்த தையல் மெஷினைக் கீழே இறக்கினேன். மறுநாள் கொடுக்க வேண்டிய ஆறு ரவிக்கை பாக்கி இருந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில். "விடாம கொட்டுதுடி, ஏரி உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள். "பத்திரமா இரு அக்கா" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அவளுக்காகத்தான் பயந்தேன். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊத்தங்கரையில் அந்த ஒரு நாளில் 50 செ.மீ. பதிவாகியிருந்தது. புயல் வலுவிழந்தது என்றால் காற்றின் வேகம் குறைந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். மேகத்தில் இருக்கும் தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. அது மெதுவாக மேற்கே நகர்ந்தது. அந்த ஈரக்காற்று ஜவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் முட்டினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏற ஏறக் குளிர்ந்து, அடிவாரத்தையும் சேர்த்து நனைத்துத் தள்ளிவிடும். ஏற்காட்டுப் பக்கமிருந்து இறங்கும் வாணியாறு, ஏலகிரிப் பக்கத்துப் பாம்பாறு எல்லாம் பெண்ணையில்தான் வந்து சேர்கின்றன. அத்தனையும் நேராக, பெண்ணையின் குறுக்கே எங்களுக்கு மேற்கே இருக்கும் சாத்தனூர் அணைக்கு. டிசம்பர் 2 விடியற்காலையில் அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் கொல்லையில் தண்ணீர். இருட்டியபோது மெஷினின் பெடல் தெரியவில்லை. ரவிக்கைகளை மட்டும்தான் பரண்மேல் போட முடிந்தது.

அதற்குப் பிறகு நான் வானிலை கேட்கிற விதமே மாறிவிட்டது.

அக்டோபர் பிறக்கிற சமயத்தில் வடகிழக்குப் பருவமழைக்கான கணிப்பை வானிலை ஆய்வு மையம் சொல்லும். இயல்பா, கூடுதலா, குறைவா என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்வது அது. விதைக்கிறவர்களுக்கு அது வேண்டும். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டுக்கு அந்த மூன்று மாதத்தின் இயல்பே 44 செ.மீ.தான். ஊத்தங்கரையில் அதைவிட அதிகமாக ஒரே நாளில் பெய்ததே!

அதனால் இப்போது கடலூருக்கு என்ன எச்சரிக்கை என்று பார்ப்பதற்கு முன்னால் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மூன்றுக்கும் என்ன நிறம் என்று பார்க்கிறேன். சிவப்பு என்றால் ஒரே நாளில் 21 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்யலாம் என்று பொருள். நோட்டில் ஊத்தங்கரை, அரூர், செங்கம், ஏற்காடு என்று நான்கு கட்டம் போட்டு, காலையில் வருகிற மழை அளவைக் குறிக்கிறேன். பக்கத்திலேயே சாத்தனூர் நீர்மட்டம். முழு உயரம் 119 அடி. அணை நிரம்பியிருக்கும்போது மலையில் 10 செ.மீ. பெய்வதும், பாதி காலியாக இருக்கும்போது அதே 10 செ.மீ. பெய்வதும் ஒன்றல்ல. அப்புறம் முக்கியமாக ஒன்று: கரையைக் கடந்த புயல் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போனால்தான் எனக்குக் கவலை.

மார்கழிப் பனி விழுந்து வடக்குக் காற்று வறண்டு வீசத் தொடங்கிய பிறகுதான் இந்த நோட்டை மூடுவேன்.

பழைய மெஷினுக்கு மோட்டாரும் பலகையும் மாற்றியாயிற்று. அது நிற்கிற மேடையை மூன்று வரிசைச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டோம். அக்காவும் இப்போது போனை எடுத்ததும் நலம் விசாரிப்பதில்லை. "இன்னைக்கு இங்க சும்மா தூறல்தான், நீ தைடி" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.