மணியின் ஊதாப் பல்

ஜூன் 3
எங்கள் நாய் மணி கொட்டாவி விட்டபோது மேல் கோரைப்பல் ஒன்று நிறம் மாறித் தெரிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல் முழுக்க நாவற்பழக் கறை மாதிரி சாம்பல் கலந்த ஊதா. தேய்த்தாலும் போகவில்லை. கடைவாயில் இருக்கும் பழுப்புக் காறை வேறு. அது ஈறோரமாகப் பல்லின் மேல் படிவது. இது பல்லுக்குள்ளிருந்து வருகிற நிறம்.

ஜூன் 4
"நல்லாத்தானே சாப்பிடுது, அதுக்குப் போய் பல் டாக்டரா?" என்கிறார் அம்மா. நாய் வலியோடும் தட்டைக் காலி செய்துவிடும். பசி இருப்பதை வைத்துப் பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அண்ணன் தன் பேஸ்ட்டை எடுத்து வந்தான், தடுத்துவிட்டேன். நாய்க்குத் துப்பத் தெரியாது. சில பேஸ்ட்டுகளில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஜூன் 6
வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். எங்காவது முட்டிக்கொண்டதா என்று டாக்டர் கேட்டார். பொங்கல் சமயத்தில் இரும்புக் கேட்டில் மோதியதைச் சொன்னேன். அடிபட்டதும் பல்லின் உள்கூழில், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் உள்பகுதியில், ரத்தம் கசியும்; பல் முதலில் இளஞ்சிவப்பாகும், அப்புறம் ஊதா, சாம்பல். 2001-இல் வந்த ஓர் ஆய்வில், இப்படி நிறம் மாறிய பற்களில் 92 சதவீதத்தில் உள்கூழ் பாதியோ முழுதுமோ செத்திருந்தது. அவற்றில் பலவற்றின் எக்ஸ்ரேயில் ஒரு கோளாறும் தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் இடமே இல்லை.

ஜூன் 9
காலையில் வெறும் வயிறு. ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, எக்ஸ்ரே. வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யலாம், இல்லையென்றால் பிடுங்கலாம். பிடுங்கச் சொன்னோம். கோரைப்பல்லின் வேர் வெளியே தெரியும் பல்லைவிட நீளம். ஈறைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. தையல் தானாகக் கரைந்துவிடுமாம். குழைந்த சோறு, வலி மாத்திரை.

ஜூன் 12
எதிர்வீட்டு டாமிக்குக் கண்ணுக்குக் கீழே வீக்கம். கண் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்தேன்: மேல் கடைவாயின் பெரிய பல் உடைந்து, நடுவில் கறுப்புப் புள்ளி. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது, சீழ் அங்கேதான் கட்டும். "நாளைக்கே கூட்டிட்டுப் போங்கக்கா" என்றேன். மணியின் எக்ஸ்ரேயையும் காட்டினேன். காலையில் ஆட்டோ சொல்லியிருக்கிறார்கள்.