தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைச் செருகாதீர்கள்

இங்கிலாந்தில் கோடையில் முட்டையிலிருந்து வெளிவரும் கார்ன் ஸ்நேக் குட்டிகள் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் விற்பனைக்கு வரும். வீடுகள் குளிர ஆரம்பிப்பதும் அதே நேரத்தில்தான். அதனால் புதிதாகப் பாம்பு வளர்ப்பவர் முதல் நாளே யோசிக்க வேண்டியது பெட்டியின் சூட்டைப் பற்றித்தான். லீட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு கார்ன் ஸ்நேக் இருக்கிறது. மகள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது, இப்போது வீட்டில் எல்லோருக்கும் செல்லம். தெரிந்த குடும்பம் ஒன்று சமீபத்தில் ஒரு குட்டி வாங்கியிருக்கிறது, அவர்களுக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் படிக்க நேரமில்லை என்றாலும் இது போதும். ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு), பல்பு, பீங்கான் ஹீட்டர் என்று எதை வாங்கினாலும் அதோடு, சூட்டை வைத்த அளவிலேயே நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஹீட்டரைச் செருகாதீர்கள். பெட்டி, மேட், தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக விற்பார்கள், பல செட்டுகளில் தெர்மோஸ்டாட் மட்டும் இருக்காது. "இது சின்ன மேட், 7 வாட்தான், ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்டுப்பாடு இல்லாத சின்ன மேட்டின் மேற்பரப்பும் 40 டிகிரியைத் தாண்டிவிடும். பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு குட்டி அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பேசினால் "பாம்புக்கு எதுக்குப்பா ஹீட்டர்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே அறையே 30 டிகிரி இருக்கும், பாம்புக்கு வேண்டியது காற்றிலேயே கிடைத்துவிடும். (நம்மூர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்த ஆசை யாருக்கும் வேண்டாம்.) இங்கே குளிர்காலத்தில் கூடத்தில் 18 டிகிரி இருந்தால் பெரிய விஷயம், இரவில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டால் 15க்கும் போகும். கார்ன் ஸ்நேக்கின் பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. ஃப்ளோரிடா, ஜார்ஜியா பக்கம் வெயில் காய்ந்த தரையிலும் மரப்பட்டைக்கு அடியிலும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் உயிர் அது. நம்மைப்போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ள அதற்கு முடியாது. சாப்பிட்ட சுண்டெலி செரிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து சூடு வந்தாக வேண்டும். வராவிட்டால் எலி வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், சில நாளில் குட்டி அதைக் கக்கிவிடும். பெரிய பாம்பு ஒருமுறை கக்கினால் தாங்கிக்கொள்ளும், குட்டிக்கு அது பெரிய அடி. கக்கிய குட்டிக்கு உடனே மறுபடி தீனி வைக்கக் கூடாது, பத்துப் பதினான்கு நாள் விட்டு, முன்பு கொடுத்ததைவிடச் சின்ன எலியாகக் கொடுக்க வேண்டும்.

சரி, எவ்வளவு சூடு? பெட்டி முழுக்க ஒரே சூடு என்று நினைத்துக்கொண்டால் அங்கேயே கோளாறு ஆரம்பித்துவிடும். பெட்டியின் ஒரு முனையில் தரை 28 முதல் 30 டிகிரி, மறு முனையில் 20 முதல் 24 டிகிரி இருக்க வேண்டும், நடுவில் படிப்படியாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். சாப்பிட்டால் சூடான பக்கம் போகும், செரித்து முடிந்ததும் குளிர்ந்த பக்கம் வரும், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னொரு இடம் பார்க்கும். எப்போது எங்கே இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியும், அப்படி மாறி மாறிப் போக இடம் வைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. அதனால்தான் மேட் பெட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று சொல்கிறார்கள். முழு அடிக்கும் மேட் போட்டுவிட்டால் குட்டிக்குத் தப்பிக்க இடமில்லை. 35 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து, அத்தனை சிறிய உடம்பு சூடேற அதிக நேரம் பிடிக்காது.

பலர் கவனிக்காமல் விடுவது மறைவிடங்களைத்தான். குட்டிக்கு எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் இடம். காட்டில் எல்லாமே அதைத் தின்னப் பார்க்கும் வயது இது. பெட்டியில் ஒரே ஒரு மறைவிடத்தை வைத்து, அதையும் சூடான பக்கத்தில் வைத்துவிட்டால், சூடு அதிகமானாலும் குட்டி வெளியே வராமல் உள்ளேயே கிடக்கும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் வைத்தால், வயிற்றில் எலி இருந்தாலும் குளிரிலேயே சுருண்டிருக்கும். ஒரே மாதிரி இரண்டு மறைவிடம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று, குட்டி சுருண்டால் உடம்பு சுவரில் படும் அளவுக்குச் சிறியதாக. கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வாசல் வெட்டிய சின்ன அட்டைப் பெட்டியே போதும். நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம்.

இனி மேட்டையும் தெர்மோஸ்டாட்டையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கண்ணாடித் தொட்டி என்றால் மேட் வெளியே, அடியில் இருக்க வேண்டும். தொட்டியின் நான்கு மூலையிலும் ரப்பர் பாதம் ஒட்டி, மேட்டுக்குக் கீழே காற்றுப் போகக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அப்படியே கார்ப்பெட்மேல் வைத்தால் சூடு வெளியேற வழியின்றித் தேங்கி, மேட் கருகலாம், கண்ணாடியும் விரிசல் விடலாம். ஒட்டும் மேட் என்றால் ஒருமுறை ஒட்டியதைப் பிய்த்து இன்னொரு தொட்டியில் ஒட்டாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துபோகும். மடிக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. மரப்பெட்டி என்றால் அடியில் மேட் வைத்துப் பயனில்லை, பலகை சூட்டை மேலே விடாது.

தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் வரும், அதன் நுனியில் சின்னதாக ஒரு சென்சார். எல்லாமே அந்த நுனியை நம்பித்தான் நடக்கிறது. சென்சார் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் சூடு மட்டும்தான் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும். உள்ளே தரையில் பரப்பியிருக்கும் மரச்சீவலுக்குள் சும்மா போட்டு வைத்தால் குட்டி மூக்கால் தள்ளிவிடும், கிண்ணத்துத் தண்ணீர் கொட்டி நனையும், அப்போது சென்சார் குளிர்ந்துபோகும், "பெட்டி குளிர்கிறது" என்று நினைத்து தெர்மோஸ்டாட் மேட்டை விடாமல் எரியவிடும். இதைவிட மோசமானது பெட்டி கழுவும் நாள். சென்சாரை வெளியே எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டு, மேட்டை அணைக்காமல் விட்டால், 18 டிகிரி அறையில் கிடக்கும் சென்சார் ஒருபோதும் 30ஐ எட்டாது, மேட் முழு வேகத்தில் சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் சென்சார் வெளியில், மேட்டுக்கும் தொட்டிக் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. பாம்பால் அதைத் தொடவே முடியாது. உள்ளே கண்ணாடித் தரையின் மேலேயே, மரச்சீவலுக்கு அடியில், தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை வைத்திருக்கிறோம். கண்ணாடியைத் தாண்டி வரும்போது சூடு கொஞ்சம் குறையும், ஆகவே தெர்மோஸ்டாட்டில் 32 வைத்தால்தான் உள்ளே 30 வரும் என்ற மாதிரி இருக்கும். உங்கள் பெட்டியில் அது வேறாக இருக்கும், உள்ளே வரும் அளவைப் பார்த்துப் பார்த்து மெல்லக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிமேல் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரச்சீவலின் மேல்பக்கம் இதமாக இருக்கும், ஆனால் குட்டி துளைத்துக்கொண்டு அடிக்குப் போய்க் கண்ணாடியோடு ஒட்டிப் படுக்கும். கார்ன் ஸ்நேக்குக்குத் துளைப்பது பிடித்த வேலை. அடியில்தான் சூடு அதிகம். மேலே தொட்டுப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று திருப்திப்பட்டுவிட்டால் கீழே நடப்பது தெரியாது. சீவலை அங்கே ரொம்பக் கனமாகப் போட வேண்டாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர்களை நம்ப வேண்டாம், அவை காட்டுவது அந்தச் சுவருக்குப் பக்கத்துக் காற்றை, அதையும் சரியாகக் காட்டாது.

சூடு பட்டால் பாம்பு தானாக நகர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். நகரும் என்று நம்பியிருக்க முடியாது. சூட்டின் மேலேயே கிடந்து அடிவயிறு வெந்துபோன பாம்புகளை ஊர்வன பார்க்கும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடிவயிற்றுச் செதில்கள் சிவந்தோ பழுப்பாகவோ மாறியிருந்தால், கொப்புளம் தெரிந்தால், ஹீட்டரை அணைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் களிம்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள்.

மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்று, 'ஹாட் ராக்' என்று, இன்னும் சில இடங்களில் கிடைக்கிறது. தோசைக்கல் மாதிரி நடுவில் ஓரிடம் மட்டும் கொதிக்கும், பாம்பு அதைச் சுற்றியே படுக்கும். வாங்கவே வேண்டாம். அதேபோல் பெட்டிக்கு உள்ளே செலோடேப், இன்சுலேஷன் டேப் எதுவும் கூடாது. சென்சாரை ஒட்டவோ, வயர் போகும் ஓட்டையை அடைக்கவோ ஒட்டியது கழன்றால், குட்டி அதில் சிக்கி, மீள முறுக்கும்போது தோல் உரிந்துவிடும்.

பல்பு வைக்கலாமா என்றால், வைக்கலாம், மேலிருந்து வெயில் மாதிரி வரும் சூடு பாம்புக்கு நல்லதுதான், ஆனால் வேலை அதிகம். ஹாலோஜன் பல்புக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட் வேண்டும். சாதாரண ஆன்-ஆஃப் வகையைப் போட்டால் பல்பு அணைந்து அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் இல்லாத பீங்கான் ஹீட்டருக்கு, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் வகை தெர்மோஸ்டாட் பொருந்தும், ஹோல்டரும் பீங்கானாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். அந்த ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியையும் தாண்டும். பெட்டிக்கு உள்ளே மாட்டினால் கம்பிக்கூடு போட்டே ஆக வேண்டும், அதிலும் குட்டியின் தலை நுழையாத அளவு நெருக்கமான கூடு. பெரிய பாம்புக்கான கூட்டுக்குள் குட்டி எளிதாகப் போய்விடும், கார்ன் ஸ்நேக் எதன்மேலும் ஏறும். இரவுக்கென்று விற்கும் சிவப்பு பல்பு வேண்டாம், அந்த வெளிச்சமும் அதற்குத் தெரியும், இரவு இருட்டாகவே இருக்கட்டும். முதல் வருஷம், சின்ன பெட்டிக்கு, மேட்டும் தெர்மோஸ்டாட்டும் போதும் என்பது என் கருத்து. அப்புறம் பெரிய பெட்டிக்கு மாறும்போது மேலே ஹீட்டர் வைப்பதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

செலவுக்குப் பயந்து இரவில் மேட்டை அணைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 7 வாட் மேட் இருபத்து நான்கு மணி நேரமும் நிற்காமல் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான் ஆகும். தெர்மோஸ்டாட் இருந்தால் அதிலும் குறைவு. காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. பிளக்கில் 13 ஆம்ப் ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் மாற்றிவிடுங்கள். இவ்வளவு சின்ன சாதனத்துக்கு 3 ஆம்ப் போதும், கோளாறு என்றால் சீக்கிரம் அறுந்து காப்பாற்றும். பிளக்கை விடத் தாழ்வாக வயர் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் கசிந்தால் வளைவில் சொட்டுமே தவிர சாக்கெட்டுக்குள் போகாது.

குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்பே எல்லாவற்றையும் மாட்டி, காலிப் பெட்டியைச் சில நாள் ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் எவ்வளவு, விடியற்காலை எவ்வளவு, ஜன்னல் திறந்தால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைத்திருக்கும் தெர்மாமீட்டர் இதற்கு வசதி. நாம் தூங்கும்போது நடந்ததை அதுதான் சொல்லும். தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் கெட்டுப்போகலாம், கெடும்போது 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. காலையில் பல் தேய்க்கப் போகும் வழியில் அந்த எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது, பெரும்பாலும் மகள்தான் பார்த்துச் சொல்வாள். இந்த நாட்டில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலங்குகளை விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் சொல்கிறது, ஆகவே பிள்ளை கேட்டு வாங்கியதானாலும் பொறுப்பு பெற்றோருடையது. பிள்ளை பார்த்துச் சொன்னாலும் நாமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். சில மணி நேரக் குளிரை, வயிற்றில் தீனி இல்லாத குட்டி நன்றாகவே தாங்கும். பெட்டியைப் போர்வையால் சுற்றி, காற்றுப் போகக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். நேரம் நீண்டால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் சாய்த்து வைக்கலாம். குளிரில் கையைச் சூடாக்கிக்கொள்ளக் குலுக்கிப் பயன்படுத்தும் சின்னப் பொட்டலங்களை (ஹேண்ட் வார்மர்) உள்ளே போடாதீர்கள், அவை மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், சூடும் கட்டுக்கடங்காது. கரண்ட் வந்து சூடு நிலைக்கும்வரை தீனி வைக்க வேண்டாம்.

ஜூலையில் வெயில் கொளுத்தும்போது இதெல்லாம் தலைகீழாகிவிடும். அறையே 30ஐத் தொட்டால் தெர்மோஸ்டாட் மேட்டை எழுப்பவே எழுப்பாது, அதுவரை நல்லதுதான், ஆனால் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விடும். தொட்டியை ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் எந்த மாதத்திலும் வைக்காதீர்கள், மூடிய கண்ணாடிக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும், அதைக் குறைக்க எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் முடியாது. வீட்டில் வடக்குப் பக்கத்து அறை இருந்தால் கோடைக்கு அங்கே மாற்றிவிடுங்கள், கிண்ணத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், குட்டி உள்ளே இறங்கிக் கிடக்கும்.