வேளாங்கண்ணியில் நன்றிக் கடிதங்களின் நடுவே

வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குச் செல்லும்போதெல்லாம், காணிக்கைப் பொருட்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தை நாங்கள் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். இம்முறை திருவிழாக் கூட்டம் இல்லாத வாரநாளாக அமைந்ததால் அங்கே நிதானமாக நிற்க முடிந்தது. வெள்ளியில் செய்த கை, கால், கண்கள், தொட்டில்கள், சிறு வீடுகள், அவற்றோடு நன்றிக் கடிதங்கள். நான் படித்த கடிதங்கள் எவையும் பொதுவாகப் பேசவில்லை. எந்த நோய், எந்தத் தேர்வு, குழந்தைக்காகக் காத்திருந்த ஆண்டுகள் எத்தனை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். வீட்டுச் செபத்திலோ ‘இந்த நாளுக்காக நன்றி’ என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, விண்ணப்பங்களை மட்டும் விரிவாக அடுக்குகிறோம்.

இத்தலத்தின் மரபிலும் திரும்பி வந்து நன்றி செலுத்தியவர்களின் கதை உண்டு. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று இங்கே கரையேறி, நேர்ந்துகொண்டபடியே ஆலயம் எழுப்பினார்கள் என்றும், பின்னர் வந்தபோது பீங்கான் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தில் பதித்தார்கள் என்றும் சொல்வார்கள். லூக்கா நற்செய்தியில் நலமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் திரும்பி வந்தவர் ஒரு சமாரியர் மட்டுமே.

ஆனால் கடற்கரைக்குச் செல்லும் கடைத்தெருவில் நடக்கும்போது இந்த எண்ணம் அவ்வளவு எளிதாக இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி வந்திருந்த திருப்பயணிகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோன ஊர் இது. அங்கே நின்றுகொண்டு ‘என்னை மட்டும் காத்தீரே’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறர் இழப்பை வைத்துத் தன் நலத்தை அளக்கும் நன்றி, மற்றவரைப் போல் தான் இல்லை என்பதற்காகக் கோவிலில் நன்றி சொன்ன பரிசேயரின் செபத்துக்கு மிக அருகில் போய்விடுகிறது. எல்லாச் சூழலிலும் நன்றி கூறும்படி தெசலோனிக்கருக்கு எழுதிய பவுல், துன்பத்தையே நன்மை என்று அழைக்கும்படி அங்கே கேட்கவில்லை என்பது எனக்குச் சற்று ஆறுதல்.

அன்றிரவு விடுதி அறையில் திருப்பாடல் 136-ஐச் செபித்தோம். அதன் 26 வசனங்களும் இறைவனின் பேரன்பு என்றும் உள்ளது என்றே முடிகின்றன. படைப்பில் தொடங்கி, செங்கடலைப் பிளந்ததையும் அரசர்களை வீழ்த்தியதையும் பாடிவிட்டு, முடிவை நெருங்கும்போது எல்லா உயிர்களுக்கும் உணவளிப்பதற்கு வந்து சேர்கிறது. பிறகு ஒவ்வொருவரும் அன்றைய நாளிலிருந்து ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுவது என்று ஏற்பாடு. நாகப்பட்டினத்தில் எங்களுக்காகப் பேருந்தை நிறுத்தி வைத்த நடத்துநருக்காக என் மனைவி நன்றி சொன்னாள். மதியச் சாப்பாட்டில் கிடைத்த இரண்டாவது அப்பளத்துக்காக மகன் சொன்னான். அப்பளத்துக்கெல்லாம் திருப்பாடலில் இடம் உண்டா என்று மகள் சிரித்தாள். 25ஆம் வசனத்தை அவளையே மறுபடி வாசிக்கச் சொன்னேன்.