சீலிங்கில் காய்ந்த உப்புமா

நியூ ஜெர்சியின் எடிசனில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1976-இல் கட்டப்பட்டது. அக்காலத்து அமெரிக்க வீடுகள் பலவற்றைப் போலவே இதன் கூடத்திலும் சீலிங் வழவழப்பாக இல்லாமல், வெள்ளைப் பூச்சைப் பொரிப்பொரியாகத் தெளித்து வைத்திருக்கிறார்கள். பாப்கார்ன் சீலிங் என்று பெயர். எதிரொலியைக் குறைக்கும் என்பார்கள். ஜிப்சம் பலகைகளின் இணைப்புகளைத் தேய்த்துச் சமன்செய்யும் வேலையிலிருந்து தப்பிக்கத்தான் தெளித்தார்கள் என்பது என் கருத்து. கும்பகோணத்திலிருந்து வந்த அம்மா, முதல் நாளே அண்ணாந்து பார்த்துவிட்டு, உப்புமாவை யார் அங்கே வீசினார்கள் என்று கேட்டார்.

சென்ற ஏப்ரலில் அந்த உப்புமாவின் நடுவே, டிகாஷன் சிந்திக் காய்ந்ததைப் போல, ஓரம் மட்டும் கருத்த பழுப்பு வட்டம் ஒன்று தோன்றியது. நேர் மேலே மாடிக் குளியலறை. பிளம்பர் வந்து கழிப்பறைப் பீங்கானைத் தூக்கி, அது கழிவுக் குழாயோடு சேரும் இடத்தில் இருந்த மெழுகு வளையம் நசுங்கிக் கிடப்பதைக் காட்டினார். வளையத்தின் விலை சில டாலர்தான். அவருடைய கூலி அப்படியன்று. கசிந்தது எந்த நீர் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மழை நீர் என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

பழைய பொரிப்பூச்சைச் சுரண்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். அலங்காரப் பூச்சுகளில், தூசியாக மூச்சில் புகுந்தால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் நார்க் கனிமத்தைத் தெளிப்பதற்கு அமெரிக்காவில் 1978-இல்தான் தடை வந்தது. எங்கள் வீடோ அதற்கு 2 ஆண்டுகள் மூத்தது. எனவே முகக்கவசம் அணிந்து, தூசி பறக்காதிருக்கச் சோப்பு நீர் தெளித்து, ஒரு தேக்கரண்டி அளவு சுரண்டி ஜிப் பையில் இட்டு, ஆய்வகத்தின் முகவரியை எழுதப் பேனா தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அந்தப் பையை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ரவையை இப்படி ஈரத்தோடு வைத்தால் புழு வைக்காதா, வறுத்துத் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் வாணலி ஏறியிருந்தது. ஐம்பது வயதில் நான் அவ்வளவு வேகமாகப் பாய்ந்ததில்லை. நல்லவேளையாக, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றே முடிவு வந்தது.

ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு, இரண்டு கை வெள்ளை பெயிண்ட் அடித்தால் போதும் என்று என் மனைவியிடம் உறுதி கூறினேன். மூன்றாம் நாள் பழுப்பு வட்டம் பெயிண்ட்டைத் துளைத்துக்கொண்டு மறுபடியும் எட்டிப் பார்த்தது. நீரில் கரையும் கறைக்கு நீர் கலந்த பெயிண்ட்டை அடித்தால், கறையும் அதில் கரைந்து மேலே ஏறிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. விடக்கூடாது என்று ரோலரை இன்னும் அழுத்தி உருட்டினேன். இதுவரை பெயிண்ட்டே காணாத அந்தப் பழைய பூச்சு ஈரத்தில் ஊறி, ரோலரோடு சுருண்டு பிரிந்து, இரண்டு கைப்பிடி அளவு என் தலையில் விழுந்தது. உப்புமா இறங்கிவிட்டதாக அம்மா சமையலறையிலிருந்தே அறிவித்தார்.

கடைக்காரர், பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சாக, ஷெல்லாக் கலந்த ப்ரைமரைக் கொடுத்தார். ஷெல்லாக் என்பது நம் அரக்குதான். பார்சலுக்கு அரக்கு முத்திரை வைத்த காலத்தை அறிந்த அம்மாவுக்கு அதன்மீது உடனே நம்பிக்கை பிறந்தது. ப்ரைமர் கறையை ஒரே பூச்சில் அடக்கிவிட்டது. அதன்மேல் ஸ்ப்ரே டப்பாவில் வரும் பாப்கார்ன் பூச்சை அடித்தேன். பாதி சீலிங்கிலும் பாதி என் கண்ணாடியிலும் ஒட்டியது.

மறுநாள் காலை மூவரும் அண்ணாந்து நின்றோம். புதுப் பூச்சு பளீரென்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த நாற்பத்தெட்டு ஆண்டுப் பழைய சீலிங்கை அம்மா ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு, கறை இவ்வளவு தூரம் பரவிவிட்டதே என்றார்.