சி-பாப் மெஷின் மட்டும் போதாது: ஸ்லீப் ஆப்னியா மேல்முறையீட்டில் படித்த பாடங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியாவுக்கான, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கான, ஊனத் தொகையைப் படைவீரர் நலத் துறை மறுப்பது புதிதல்ல. எங்களுக்கும் அதுதான் நடந்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு இப்போது 50 சதவீத ஊன மதிப்பீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் முதலில் மறுப்பதற்குத் துறை காட்டிய மருத்துவப் பரிசோதனை அறிக்கையை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். 'பணிக்கால மருத்துவப் பதிவுகளில் குறிப்பு இல்லை, ஆகவே தொடர்பு இல்லை' என்று ஒரே வரியில் முடித்திருந்தார் பரிசோதித்தவர். பாசறையில் குறட்டை விட்டதற்காக யார் டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வைத்திருப்பார்கள்?

'மெஷின் இருக்கிறது, 50 நிச்சயம்' என்று சொல்பவர்களை நம்பிப் போகாதீர்கள். 6847 என்ற விதியின்படி பகல் முழுக்க விடாத தூக்கக் கலக்கத்துக்கு 30, சி-பாப் (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் மெஷின்) போன்ற கருவி தேவைப்பட்டால் 50, கரியமில வாயு தேங்கும் நாள்பட்ட சுவாசச் செயலிழப்பு போன்ற கடும் நிலைக்கு 100. இந்தக் கணக்கெல்லாம் நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை, அதாவது சர்வீஸ் கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்ட பிறகுதான். பெரும்பாலோர் தடுக்கி விழுவது அதற்கு முந்தைய படியில். மெஷினுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அது மருத்துவ ரீதியாகத் தேவை என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். தூக்கப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். மனைவி எழுதும் கடிதம் நோயை உறுதிப்படுத்தாது.

நிராகரிப்புக் கடிதம் வந்த உடனே அதைச் சலித்துப்போய் மூடி வைக்காதீர்கள். அதில் 'சாதகமான முடிவுகள்' என்று ஒரு பகுதி இருக்கும். நோய் இருப்பதை ஏற்றிருந்தால் அங்கே இருக்கும். அது பிறகு வரும் அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். அதை மீண்டும் நிரூபிப்பதில் காசையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்து 20-10206 படிவம் கொடுத்து முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பரிசோதித்தவரின் வாதம் முழுசாக அதில்தான் கிடைக்கும். ஏற்கெனவே ஏற்கப்பட்ட வேறொரு நோயால் இது வந்தது என்று நீங்கள் கேட்டிருந்தால், பரிசோதித்தவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: அந்த நோய் இதை உண்டாக்கியதா, உண்டாக்காவிட்டாலும் இதை மோசமாக்கியதா? 2013-ல் எல்-அமீன் வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் அறிக்கையில் இரண்டாவது கேள்வியையே தொடவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிடி கிடைத்தது அங்கேதான்.

இப்போது பாதையைத் தேர்ந்தெடுக்கும் இடம். 2019 பிப்ரவரியில் இருந்து மூன்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவ எண். 20-0996, மேல்நிலை மறுஆய்வு: பழைய கோப்பை வேறொரு மூத்த அதிகாரி படிப்பார், புதுக் காகிதம் எதையும் பார்க்க மாட்டார். புதிதாக வாங்கிய டாக்டர் கடிதத்தை இதோடு இணைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். அந்தக் கடிதம் கணக்கிலேயே வராது. 20-0995, துணை மனு: புதிய, பொருத்தமான ஆதாரம் இருந்தால் இதுதான். 10182, மேல்முறையீட்டு வாரியம்: நேரடி ஆய்வு, ஆதாரம் சமர்ப்பிப்பு, விசாரணை என்று மூன்று வரிசை, நீண்ட காத்திருப்பு. எதுவாக இருந்தாலும் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள். ஓராண்டு கடந்தாலும் துணை மனு போடலாம், ஆனால் பழைய தேதியில் இருந்து வர வேண்டிய பாக்கி போய்விடும்.

நெக்ஸஸ் கடிதத்தில், அதாவது நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை விளக்கி டாக்டர் எழுதும் கடிதத்தில், 'இருக்கலாம்', 'சாத்தியம்' என்ற சொற்கள் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். 'இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் குறைந்தபட்சம் சம வாய்ப்பு' என்ற அளவுகோல் வேண்டும், கோப்பைப் படித்தேன் என்ற வரி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் காரணம் வேண்டும். முடிவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் எத்தனை பெரிய நிபுணருடையதாக இருந்தாலும் எடை பெறாது.

'உடல் பருமன்தான் காரணம்' என்று தள்ளியிருந்தால் சோர்ந்து போகாதீர்கள். பருமன் தனி நோயாக ஏற்கப்படாது, ஆனால் நடுப்படியாக வரலாம் என்று 2017-ல் துறையின் தலைமைச் சட்ட அலுவலகமே கருத்து சொல்லியிருக்கிறது. டாக்டர் மூன்றுக்குப் பதில் எழுத வேண்டும்: ஏற்கெனவே ஏற்கப்பட்ட முழங்கால் காயமோ பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்) மருந்தோ பருமனுக்குக் காரணமா? அந்தப் பருமன் ஆப்னியாவுக்குக் கணிசமான காரணமா? பருமன் இல்லாவிட்டால் ஆப்னியா வந்திருக்காதா? ஒன்றை விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

பணியில் நச்சுப் பொருள்களுக்கு ஆளானவர்களுக்கான 2022-ன் பேக்ட் சட்டத்தில் ஆப்னியா தானாக ஏற்கப்படும் நோய்களில் இல்லை. நாள்பட்ட மூக்கழற்சி இருக்கிறது. அதை முதலில் வாங்கிக்கொண்டு அதன் வழியாக ஆப்னியாவுக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்கும் டாக்டரின் காரணம் தேவை. ஆனால் ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே 30 வாங்குகிறவர்கள் ஆப்னியாவின் 50-ஐயும் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். நுரையீரல் சார்ந்த இந்த வகைகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு மதிப்பீடுதான்.

உங்களோடு பணியாற்றியவரின் வாக்குமூலத்துக்கு 21-10210 படிவம். 'அவருக்கு ஆப்னியா இருந்தது' என்று அவர் எழுதக் கூடாது. எந்த ஆண்டு, எந்த முகாம், பக்கத்துக் கட்டிலில் எதைப் பார்த்தார், மூச்சு நின்று திணறி எழுந்தது எத்தனை முறை, அதை மட்டும் எழுதட்டும்.

கட்டணம் கேட்கும் 'ஆலோசகர்கள்' அங்கீகாரம் பெற்றவர்களா என்று பாருங்கள். படைவீரர் அமைப்புகள் 21-22 படிவத்தின் பேரில் இலவசமாகவே செய்கின்றன.

வெற்றிக் கடிதம் வந்தால் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தொகை தொடங்கும் தேதியையும் பாருங்கள். ஓராண்டுக்குள் தொடர்ந்து முறையிட்டும் துணை மனுவின் தேதியில் இருந்து மட்டும் கொடுத்திருந்தால், அதற்கு 20-0996 போடுங்கள். அங்கே புது ஆதாரம் தேவையில்லை, கோப்பில் உள்ள தேதிகளே போதும்.