கொடைத்திறம் என்றொரு தலைப்பு

தருமபுரியில் தமிழ் மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழிகாட்டும் என்னிடம் ஒரு தலைப்பு ஆண்டு தவறாமல் வந்து சேரும்: 'அதியமானின் கொடைத்திறம்'. அதியமான் ஆண்ட பழைய தகடூர்தான் நம்ம ஊர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் நம்ம மன்னர். ஆசை நியாயமானதுதான்.

சிக்கல் பள்ளிக்கூடப் பழக்கத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் குறிப்புச்சட்டகம், முன்னுரை, உள்தலைப்புகள், நடுவில் ஒரு குறள், முடிவுரை என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். எல்லோரும் ஒப்புக்கொண்டதை அழகாகச் சொல்ல அது போதும். ஆய்வுக் கட்டுரைக்கு, இன்னொருவர் மறுத்துப் பேச இடமுள்ள ஒரு கருத்து வேண்டும்.

பாலக்கோடு பக்கத்து மாணவி ஒருத்தியின் முதல் வரி, "கடையெழு வள்ளல்களுள் ஒருவரான அதியமான் கொடையில் சிறந்து விளங்கினார்" என்றிருந்தது.

"இதை யாராவது மறுப்பாங்களாம்மா?"

"மாட்டாங்க ஐயா."

"அப்புறம் எதுக்குப் பத்துப் பக்கம்?"

கையேடுகளை ஓரமாக வைத்துவிட்டு, புறநானூற்றில் ஔவை அதியமானைப் பாடியவற்றை மட்டும் படித்து வரச் சொன்னேன். நீள நோட்டில் கட்டம் போட்டு, பாட்டு எண், யாரிடம் சொல்வது, எதைப் பற்றியது என்று எழுதி வந்தாள். 87ஆம் பாட்டு பகைவருக்கு எச்சரிக்கை: "களம்புகல் ஓம்புமின் தெவ்விர்". நெல்லிக்கனிக்கு நன்றி சொல்லும் 91ஆம் பாட்டுகூட "வலம்படு வாய்வாள் ஏந்தி" என்று வாளோடுதான் தொடங்குகிறது. "கொடையை விடச் சண்டைதான் ஐயா நிறைய வருது" என்றாள். கட்டுரை அங்கேதான் பிறந்தது. ஔவை பாட்டில் அதியமான் முதலில் வீரன், பிறகுதான் வள்ளல் என்பது அவள் கருத்தானது.

உடனே ஒரு முட்டுக்கட்டை: 101ஆம் பாட்டு. ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள் பலரோடு போனாலும் முதல்நாள் போலவே வரவேற்பான் என்று முழுக்கக் கொடையைப் பேசுவது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டாள். பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், பட்டம் வாங்கியவர்கள் உட்பட. எதிராக நிற்கும் சான்றுக்குத் தனிப் பத்தி ஒதுக்கச் சொன்னேன். எழுதி முடித்தபோது அவள் கருத்தே கொஞ்சம் இறங்கி வந்து, 'பெரும்பாலான பாடல்களில்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. முன்னதைவிட இது உறுதியான வாக்கியம்.

"அறிஞர் கூறுவர்" என்ற தொடரைக் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். எந்த அறிஞர், எந்த நூல், எத்தனையாம் பக்கம்? புறநானூற்றுக்கும் பதிப்பைச் சொல்ல வேண்டும். உ.வே.சா. 1894இல் அச்சிட்ட பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன, பாடவேறுபாடுகளும் உண்டு. இணையத்தில் எடுத்து ஒட்டியதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. தடுமாறி வந்த நடை திடீரென்று மேடைப் பேச்சாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொன்னேன். வாதம் அறுபடாமல் போனால் சரி. அவளுக்கு இரண்டு பத்திகள் இடம் மாறின.

முடிவுரையில் "இவ்வாறாக" என்று தொடங்கிப் பழையதையே திரும்பச் சொல்லியிருந்தாள். அதை அடித்துவிட்டு, 'புறநானூற்றில் வாளோடு நிற்பவன் பிறகு எப்படிக் கனியோடு மட்டும் நினைவில் நின்றான்? சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது அவனைச் சேர்த்தது அதற்குக் காரணமா?' என்று எழுதி வந்தாள். அடுத்த ஆண்டுக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.