பேரீச்சம்பழத்துக்குப் போட முடியாத போர்டுகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ராணுவ ரேடார்களுக்கு சர்க்யூட் போர்டு செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சோதனைக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது, பழைய சரக்கை ஒழிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன் என்று மேலாளரிடம் வீறாப்பாகச் சொன்னேன். நான்கு மாதம் ஆயிற்று.

ஊரில் என்றால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருக்கலாம். இங்கே எங்கள் குப்பைக்கும் ‘ஐட்டார்’ என்ற சட்டம் உண்டு. ராணுவத் தளவாட ஏற்றுமதிக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருக்கும் விதிகள் அவை. சோதனையில் தோற்று ஒதுக்கிய போர்டும் அவற்றின் பார்வையில் தளவாடம்தான். அது வேலை செய்யாது என்று வாதாடிப் பயனில்லை. கப்பலில் ஏற்றினால் மட்டும்தான் ஏற்றுமதி என்றும் இல்லை. குடியுரிமையோ பச்சை அட்டையோ அகதித் தஞ்சமோ பெறாத ஒருவர் அதன் வரைபடத்தைப் பார்க்க விட்டால், அமெரிக்க மண்ணிலேயே ஏற்றுமதி நடந்துவிட்டதாகக் கணக்கு.

இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். எச்1பி விசாவில் இருந்த காலத்தில், இதே மாதிரியான ஓர் அறைக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்கள் வந்து சொல்வதைக் கேட்டு மென்பொருள் எழுதியவன் நான். அதனால் எப்படி அழிப்பது என்பதற்கு முன்னால், யார் கை படும் என்ற கேள்விதான் எனக்கு வந்தது.

மலிவான விலை சொன்ன மறுசுழற்சி நிறுவனத்திடம் அதைக் கேட்டேன். மின்கழிவு மறுசுழற்சி நிறுவனங்களுக்குத் தரப்படும் ஆர்2 என்ற சான்றிதழைக் காட்டினார்கள். சுற்றுச்சூழலுக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் அது பதில் சொல்லும். பிரித்தெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்குச் சொல்லாது. போர்டுகளைத் தரம் பிரிக்க இன்னொருவரிடம் அனுப்புவோம் என்று அவர்களே பேச்சுவாக்கில் சொன்னதும் விலகிவிட்டேன். அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்கு என் பயம் புரியும். மின்கழிவிலிருந்து பெயர்த்த சிப்புகளைச் சீனாவில் சுரண்டி, புது எண் அச்சிட்டு, மறுபடி அமெரிக்க ராணுவக் கருவிகளுக்குள்ளேயே விற்ற கதை அதில் இருக்கிறது.

பிறகு, அரைவை இயந்திரம் பொருத்திய வண்டியோடு எங்கள் வாசலுக்கே வந்து அழித்துக் கொடுக்கும் வேறொரு நிறுவனத்தைப் பிடித்தேன். அந்த வண்டியோடு வருகிற ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். வழக்கறிஞர் தடுத்தார். தேசத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான சட்டம் தனியாக இருக்கிறது. நிறுவனத்திடம் எழுத்துபூர்வமான உறுதிமொழி வாங்கினால் போதும் என்றார். அந்த ஒரு தாளுக்கு மூன்று வாரம்.

இதற்கிடையில் சரக்கைப் பிரித்தோம். ராணுவமே கொடுத்து வைத்திருந்த கருவிகள் சில கிடைத்தன. அவை எங்கள் சொத்தல்ல. 1428ஆம் எண் படிவத்தில் பட்டியலிட்டு, அரசு அதிகாரி அனுமதிக்கும்வரை தொடக்கூடாது. ஒரு மூலையில் வைத்துப் பூட்டினோம்.

ஹார்ட் டிஸ்க் சுலபம். சிப்புகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.தான் படுத்தியது. காந்தத்தால் அழிக்கும் இயந்திரத்தில் அதை வைப்பது வெறும் சடங்கு. அதற்குள் காந்தத்தில் பதிந்த தரவே கிடையாது. சாதாரண அரைவை வண்டி போடும் துண்டு, ஒரு நினைவக சிப் முழுசாகத் தப்பிக்கிற அளவுக்குப் பெரியது. ரகசியத் தரவுக்கு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு 2 மில்லிமீட்டர். எங்களுடையது அந்த வகை ரகசியம் அல்ல, ஐட்டாரும் அளவு எதையும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த 2 மில்லிமீட்டரையே ஒப்பந்தத்தில் எழுதினேன். செலவு கூடியது, தூக்கம் வந்தது.

வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒரு பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இதை அரைக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். உள்ளே இருந்தவை ரேடியோ அலைகளுக்கான, அதிக சக்தி கொண்ட பழைய ஆர்.எஃப். டிரான்சிஸ்டர்கள். சிலவற்றின் உள்ளே பெரிலியம் ஆக்சைடு பீங்கான் இருக்கிறது. முழுதாக இருந்தால் தொல்லையில்லை. தூளாகி மூச்சில் போனால் நுரையீரல் பாழாகலாம். ஏற்றுமதி விதியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதை யோசிக்கவே இல்லை. அந்தப் பெட்டியை ஒதுக்கி, அபாயக் கழிவு வழியில் தனியாக அனுப்பினோம். லித்தியம் பேட்டரிகளையும் அன்று இரவே கழற்றினோம். அரைவையில் அவை தீப்பிடிக்கும்.

வண்டி வந்த நாள் மட்டும் பிசகின்றிப் போனது. வாகன நிறுத்தத்தில் நின்று ஒவ்வொரு வரிசை எண்ணையும் வாசித்தேன், அவர்கள் உள்ளே போட்டார்கள். அவர்கள் தந்த அழிப்புச் சான்றிதழில் ஓர் எண் மாறியிருந்ததைத் திருத்தி வாங்கினேன்.

எல்லாம் முடிந்தது என்று கணினியை மூடும்போது, வாடகைக்கு எடுத்திருந்த நகல் இயந்திரத்தை அதன் உரிமையாளர்கள் தள்ளிக்கொண்டு போவது ஜன்னலில் தெரிந்தது. எத்தனை வரைபடத்தை அதில் வைத்து ஸ்கேன் செய்திருப்போம்! அதற்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. ஓடிப்போய் லிஃப்ட் வாசலில் மறித்தேன். அரை மணி நேரம் வாதாடி, டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு இயந்திரத்தை விட்டேன். அந்த டிஸ்க் அடுத்த முறை வந்த அரைவை வண்டியில் போனது. காணாமல் போன உதிரிப்பாகத்துக்கு என்று அவர்கள் அனுப்பிய பில், அழிப்புச் சான்றிதழோடு சேர்ந்து எங்கள் கோப்பில் 5 ஆண்டுகள் இருக்கும்.